பதினெட்டு எதுக்குடா கசக்குது?

மக்களே, போன சம்மர் லீவுல நான் ஒரு கிட்டார் செஞ்சேன். ‘வாங்கினேன்’னு தப்பா படிச்சிடாதீங்க பாஸ்.. செஞ்சேன்! மரத்தை அறுத்து, இழைச்சு, வளைச்சு, ஒட்டி, ஒரு விரல் நகத்தையும் காவு கொடுத்து!

அதுக்கு முன்னாடி ஒரு உண்மை. ஃபர்ஸ்ட் இயர்ல ரூம்மேட்ஸ் ‘அப்பா என்ன பண்றாரு?’ன்னு கேட்டப்ப, ‘இன்டீரியர் பிசினஸ்’னு பீலா விட்டேன். எங்கப்பா தச்சு வேலை செய்றவர். விருத்தாசலத்துல வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்தான் பட்டறை. பசங்க ‘ஓ.. டிசைனரா?’ன்னாங்க. நானும் தலையாட்டினேன். மூணாவது வருஷம் வரைக்கும் அந்தத் தலையாட்டல் ஓடுச்சு.

கிட்டார் ஆசையைச் சொன்னதும் அப்பா பரண்ல இருந்து பாட்டியோட உடைஞ்ச கட்டில் பலகையை இறக்கினார். ஈட்டி மரம்! கிட்டார் உலகத்துல பெரிய கையான அமெரிக்காவோட மார்ட்டின் கம்பெனி, 1969-ல பிரேசில் ஈட்டியை விட்டுட்டு நம்ம இந்திய ஈட்டிக்குத்தான் மாறுச்சு. ஆக, பாட்டி அத்தனை வருஷமும் கிட்டார் மேலதான் தலை வெச்சுத் தூங்கியிருக்காங்க. மேல் பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ்ங்கிற குளிர்தேசத்து மரம். சேத்து வெச்ச காசெல்லாம் அதுக்கே அப்பீட்டு.

பக்கப் பலகை ரெண்டு மில்லி கனம்தான். தண்ணில நனைச்சு, சூடான இரும்புக் குழாய் மேல வெச்சு வளைக்கணும். நான் வளைச்சது ‘படக்’. அடுத்ததை அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டே வளைச்சார். “அழுத்தாதே, இரு. மரம் இளகுறது கையிலயே தெரியும்.” எனக்கு ஒண்ணும் தெரியலை. ரொம்ப நேரம் முறைச்சுக்கிட்டே இருந்த மரம், திடீர்னு விட்டுக் கொடுத்துச்சு பாருங்க.. அதைக் கையில உணரணும், எழுதத் தெரியலை. உள் விளிம்புல சட்டம் ஒட்ட கிளாம்ப் பத்தலை. அம்மாவோட துணி கிளிப் மொத்தத்தையும் சுட்டுட்டோம். மூணு நாள் ஈரத் துணியெல்லாம் காத்துல பறந்து, அம்மாகிட்ட செம டோஸ்!

அடுத்து ஃபிரெட். இங்கதான் இன்ஜினீயர் உள்ளே வந்தார். கம்பி நீளம் 650 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல வகுத்தா 36.48. அங்கே முதல் ஃபிரெட். மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல வகுத்தா அடுத்தது. இப்படியே போனா 12-வது ஃபிரெட் கரெக்டா பாதியில, 325-ல வந்து நிக்கும். எக்ஸெல்ல போட்டு பிரின்ட் அவுட்டே எடுத்துட்டேன்.

அப்பா பேப்பரைப் பாத்துட்டு, “பதினெட்டுன்னு வெச்சுக்கலாமேடா?”ன்னார். “அப்பா.. இது கட்டில் இல்லை”ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. ரம்பத்தை எடுத்து, என் கோட்டு மேலயே அறுத்துக் கொடுத்தார்.

பிரிட்ஜையும் சரியா 650-ல ஒட்டி, கம்பி மாட்டினேன். சும்மா மீட்டினா சூப்பர். 12-வது ஃபிரெட்ல அழுத்தினா சுருதி மேலே ஏறி நிக்குது. கார்டு பிடிச்சா கர்ண கொடூரம்! ஏன்னா, கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டு இறுக்கம் கூடும், சுருதி ஏறும். அதனால மெல்லிசு கம்பிக்கு ரெண்டு மில்லி, தடிச்ச கம்பிக்கு நாலஞ்சு மில்லின்னு சாடிலைப் பின்னாடி தள்ளி, சாய்ச்சு வைக்கணும். இத்தனைக்கும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல நான் எஸ் கிரேடு. வெளிய சொல்லிடாதீங்க.

நொந்து நூடுல்ஸாகி ராத்திரி நெட்ல மேய்ஞ்சப்ப ஒருத்தர் சிக்கினார். வின்சென்ஸோ கலிலி. நம்ம கலிலியோவோட அப்பா! லூட் வாசிக்கிறவர். 1581-ல வந்த புத்தகத்துல, ஃபிரெட் வைக்க 18-ஆல வகுக்கச் சொல்லியிருக்கார். போட்டுப் பாத்தேன். என் 650-க்கு 12-வது ஃபிரெட் 322.6-ல விழுது. பாதிக்கு ரெண்டரை மில்லி முன்னாடி. அந்தத் ‘தப்பான’ கணக்கே, அழுத்தும்போது ஏறுற சுருதியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துடும்!

காலையில அப்பாகிட்ட, “பிரிட்ஜைப் பேத்து எடுக்கணும்பா”ன்னேன். அது சாதா விஷயம் இல்லை. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்குற இழுப்பைத் தாங்கற பலகை அது. கனம் மூணு மில்லிகூட இல்லை. கிழிஞ்சா எல்லாம் போச்சு. அப்பா மெல்லிசு பிளேடை அயர்ன் பாக்ஸ்ல சூடு காட்டி, பசைக்குள்ள நூல் நூலா நுழைச்சார். முக்கால் மணி நேரம். நான் வாசல்ல போய் நின்னுக்கிட்டேன். பிரிட்ஜ் வந்துச்சு, கூடவே நாலஞ்சு நார் மட்டும். பழைய துளைகளை அடைச்சு, தள்ளி வெச்சு ஒட்டினோம்.

“நீங்க சொன்ன பதினெட்டு ஓரளவு கரெக்டுதாம்பா.”

“எது பதினெட்டு?”ன்னார். மறந்தே போயிட்டார்.

ஹாஸ்டல்ல ரூம்மேட்ஸ், “எங்கடா ஆர்டர் கொடுத்தே?”ன்னாங்க. சொல்லிட்டேன். தகர ஷெட், கட்டில், இன்டீரியர் பீலா.. எல்லாத்தையும். கொஞ்ச நேரம் சைலன்ஸ். அப்புறம் ஒருத்தன், “மச்சி, என் டேபிள் கால் ஆடுது. அப்பா பாத்துத் தருவாரா?”ன்னான்.

இந்த ஞாயித்துக்கிழமை மூணு பேரும் விருத்தாசலம் வர்றானுங்க. ரெண்டாவது கம்பி 7-வது ஃபிரெட்ல இன்னும் ‘ஜிர்ர்’ருங்குது. அதையும் அப்பாகிட்ட காட்டணும்.