தொட்டால் சிவக்கும் தெரு

மழை பிடித்துக்கொண்டால் மேற்குத் தாம்பரத்தில் முதலில் எழும் கேள்வி, ‘முடிச்சூர் ரோட்டுல வண்டி போகுதா?’ என்பதுதான். வானிலை அறிக்கை இதற்குப் பதில் சொல்லாது. எத்தனை சென்டிமீட்டர் மழை என்று சொல்லும். எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

2015 நவம்பர் மழையில், அந்தத் தெருக்காரரிடமே கேட்டுவிடலாம் என்று இறங்கினார் அருண் கணேஷ். மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இணையத்தில் சென்னையின் வரைபடத்தை வைத்தார். தண்ணீர் நிற்கும் தெருவைக் கண்டுபிடித்துத் தொட்டால், அது சிவப்பாகிவிடும். பார்க்கிற எல்லோருக்கும் அந்தச் சிவப்பு தெரியும். அவ்வளவுதான். மக்கள் குறித்த தெருக்களின் எண்ணிக்கை 2,500-ஐத் தாண்டியது.

இவ்வளவு வேகமாக இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இது, வரைபடங்களின் விக்கிப்பீடியா. யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்த் தெருவை வரைந்து சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதில் ஒவ்வொரு சாலைக்கும் தனி எண் உண்டு. தொட்ட சாலையின் எண்ணைக் குறித்துவைத்தாலே வேலை பாதி முடிந்தது. தன்னார்வலர்கள் பல வருடங்களாக, சம்பளம் இல்லாமல், பொழுதுபோக்காக வரைந்துவைத்த தெருக்கள் அவை. ‘இதெல்லாம் வெட்டி வேலை’ என்று அவர்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்!

இதே காலத்தில் ‘சென்னைரெயின்ஸ்’ என்ற தளத்தில் தன்னார்வலர்கள் பட்டியல் போட்டார்கள். யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும், யாருக்கு உதவி தேவை... அடிப்படை, சாதாரண எக்செல் போன்ற ஒரு ஷீட்தான்.

பிறகு வந்தது டிசம்பர் 1. மறுநாள் காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டியது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47. அடையாற்றை ஒட்டிய வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாததால், 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை.

அந்த இரவில்தான் வரைபடத்தின் பலவீனமும் தெரிந்தது. மின்சாரம் போனது, போனில் சார்ஜ் தீர்ந்தது, டவர்கள் படுத்தன. மொட்டை மாடியில் நிற்பவரால் எதைத் தொட முடியும்? ஆக, சிவப்பாக இல்லாத தெரு எல்லாம் காய்ந்த தெரு அல்ல. மிக மோசமாக மூழ்கிய தெருவே சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். இதுபோன்ற வரைபடத்தைப் பார்த்து வண்டியை எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வீட்டு ஆட்டோமேஷனிலும் இதே சிக்கல்தான். மோட்டாரை போனில் ஆன் செய்யும் பல கருவிகள், எங்கோ இருக்கும் கம்பெனி சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். நெட் போனால், மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்றாலும் ஆப் கைவிரிக்கும். 2013-ல் பவுலுஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டென்ட்’ போன்ற இலவச மென்பொருளை வீட்டிலேயே ஒரு சின்ன ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் ஓட்டலாம். அதனுடன் வீட்டுக்குள்ளேயே பேசும் கருவிகளாகப் பார்த்து வாங்கினால், நெட் இல்லாவிட்டாலும் டேங்க் நிரம்பியதும் மோட்டார் நிற்கும். கரன்ட் வேண்டும், அது வேறு விஷயம். ரௌட்டரையும் இதையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுவது நல்லது.

இதெல்லாம் தலைவலி என்பவர்கள், ‘ஆர்கானிக் மேப்ஸ்’ ஆப்பில் தமிழ்நாட்டு வரைபடத்தை ஐப்பசிக்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அது நெட் இல்லாமலே வழி காட்டும். அதிலும் அடியில் இருப்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான். திறந்ததும் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் மூன்றாவது குறுக்குத் தெரு அதில் இல்லையென்றால், சேர்க்க வேண்டியவர் நீங்கள்தான்.