இரண்டு எஜமானிகள்

சமையல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் 'புளி - 14, 37, 90' என்று ஒரு பட்டியல் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தட்டியதும் விடை வந்து நிற்பது இப்படிப்பட்ட பட்டியலால்தான். ஆனால் கோடிக் கணக்கான பக்கங்களுக்குரிய பட்டியல் ஒரே யந்திரத்தில் அடங்குமா? துண்டு துண்டாக்கிப் பல யந்திரங்களில் வைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நகல் உண்டு. அது வேறு யந்திரத்தில்தான் இருக்கும். (மாற்றுச் சாவியை அதே கொத்தில் கோத்து வைப்போமா, என்ன?)

தொல்லையெல்லாம் எஜமானி யார் என்பதில்தான். இரண்டே யந்திரங்கள், நடுவே தொடர்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். 'மற்றவள் போய்விட்டாள், இனி நானே எஜமானி' என்று இரண்டும் நினைத்து, தனித்தனியே கணக்கு எழுதிக்கொண்டே போகும். மறுபடி சேரும்போது எதை நம்புவது? ஒன்றைத் தள்ளத்தான் வேண்டும். அதில் எழுதியதெல்லாம் போச்சு!

அதனால் எஜமானியாகத் தகுந்தவை மூன்று வேண்டும். இரண்டின் வோட்டாவது பெற்றவளே எஜமானி. 'எலாஸ்டிக்சர்ச்' என்ற தேடல் சாதனத்தில் இந்தப் பெரும்பான்மை எண்ணை ஆட்களே குறித்துவைக்க வேண்டியிருந்தது. மறந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்! 2019-ல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் அதுவே பார்த்துக்கொள்கிறது.

இதை 2010-ல் வெளியிட்ட ஷே பேனன் என்பவர் இந்தத் தேடல் வேலையில் இறங்கியதே, லண்டனில் சமையற்கலை பயின்ற தம் மனைவிக்குச் சமையல் குறிப்புகளைத் தேடித் தரத்தான். அந்த அம்மாள் அதற்காக இன்னும் காத்திருப்பதாகப் பிற்பாடு வந்த கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள்!