பருத்தித் துணியைத் தீயிலிருந்து காக்குமா வாழைச் சாறு? ஆய்வுகள் சொல்வது என்ன?

எரியும் அடுப்புக்கு மேலே இருக்கும் டப்பாவை எடுக்கக் கை நீட்டுகிறார் ஒருவர். முந்தானை நுனியோ, நைட்டியின் தொளதொள கையோ தீயில் பட்டால் போதும், சில நொடிகளில் துணி முழுக்கப் பரவிவிடும். வெயிலுக்கு இதமான பருத்தியின் இன்னொரு முகம் இது. அந்தப் பருத்தியைத் தீயிலிருந்து காக்க வாழைச் சாறு, தவிடு, இறால் ஓடு, ஏன், மீனின் டிஎன்ஏ வரைக்கும் விஞ்ஞானிகள் பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். ஆய்வகத்தில் நன்றாகவே வேலை செய்யுது. அப்புறம் என்ன சிக்கல்?

பருத்தி ஏன் இவ்வளவு சீக்கிரம் எரிகிறது?

பருத்தியில் 90 சதவிகிதத்துக்கும் மேல் செல்லுலோஸ்தான். சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். நாம் பார்க்கும் சுடர், அந்த வாயுக்கள் எரிவதுதான்.

ஒரு பொருள் தொடர்ந்து எரியக் குறைந்தபட்சம் எத்தனை சதவிகிதம் ஆக்சிஜன் வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பருத்திக்கு அது 18. காற்றில் இருப்பதோ 21. அதாவது, பருத்தி எரியத் தேவையானதைவிட அதிகமாகவே காற்றில் ஆக்சிஜன் இருக்கு. இந்த 18-ஐ 21-க்கு மேல் நன்றாக உயர்த்துவதுதான் இந்த ஆய்வுகளின் இலக்கு.

இதற்கு ஏற்கெனவே வழி இல்லையா?

இருக்கு. 1821-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், அம்மோனியம் பாஸ்பேட், போராக்ஸ் போன்ற உப்புகள் துணி எரிவதைத் தடுக்கும் என்று காட்டினார். இன்று தொழிற்சாலைப் பாதுகாப்பு உடைகளில் பாஸ்பரஸ் சார்ந்த ரசாயனங்கள் பயன்படுகின்றன. பல முறை துவைத்தாலும் அவை தாங்கும். ஆனால், அவற்றில் சில, ஃபார்மால்டிஹைடு சார்ந்த வேதியியலை நம்பியிருப்பவை.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. குழந்தைகளின் இரவு உடைகளில் சேர்க்கப்பட்ட 'டிரிஸ்' என்ற தீத்தடுப்பு ரசாயனம் புற்றுநோய் அபாயம் கொண்டது எனத் தெரியவந்து, 1977-ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. தீயிலிருந்து காக்கப் போட்ட மருந்தே வினையானது. மாற்று தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிரிப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன?

சூட்சுமம் பெரும்பாலும் பாஸ்பரஸில் இருக்கிறது. சூடேறும்போது அது அமிலமாகி, செல்லுலோஸில் இருந்து தண்ணீரைப் பிரித்துக் கரியாக்கிவிடும். எரியும் வாயு குறையும். மேலே படியும் கரி, உள்ளே வெப்பம் போகாமல் கவசமாக நிற்கும்.

இத்தாலியின் டுரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெர்ரிங் மீனின் விந்தணுவில் இருந்து எடுத்த டிஎன்ஏ-வைப் பருத்தியில் பூசி 2013-ல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். டிஎன்ஏ-வில் பாஸ்பேட், சர்க்கரை, நைட்ரஜன் மூன்றும் ஒன்றாக இருப்பதால், கரியும் நுரையுமாக உப்பித் துணியை மூடிக்கொள்கிறது. தவிட்டில் இருக்கும் ஃபைடிக் அமிலத்தின் எடையில் சுமார் 28 சதவிகிதம் பாஸ்பரஸ். அதையும், இறால் நண்டு ஓடுகளில் கிடைக்கும் கைட்டோசானையும் அடுக்கடுக்காகப் பூசி, அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு 2012-ல் சோதித்தது.

நமக்கு நெருக்கமானது, மும்பையில் உள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சி. தார் வெட்டிய பிறகு வீணாகும் வாழைமரத்தின் சாறுதான் மூலப்பொருள். பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற தாதுக்கள் அதில் இருக்கின்றன. முதலில் டானிக் அமிலத்திலும் படிகாரத்திலும் துணியை ஊறவைத்து, பிறகு இந்தச் சாற்றில் நனைத்தார்கள். எரிய வேண்டிய ஆக்சிஜன் அளவு 18-ல் இருந்து சுமார் 30-க்கு உயர்ந்தது.

அப்போ, சிக்கல் எங்கே?

துவைக்கும் கல்லில். டிஎன்ஏ தண்ணீரில் கரையும். வாழைச் சாற்றில் இருக்கும் உப்புகளும் அப்படித்தான். வாழைக்கறை துணியில் பட்டால் லேசில் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காக்க வேண்டிய உப்பு, சோப்பு போட்டு அலசினால் கரைந்து போய்விடும். கறை நிற்கும், காவல் நிற்காது.

பாஸ்பேட் துணியில் ஒட்டியே இருந்தாலும், போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அதோடு சேர்ந்து அதன் வேலையைக் கெடுக்கும். அதிக அமிலத்தன்மை நூலின் வலுவையும் குறைக்கும்.

இதைத் தாண்ட, ஃபைடிக் அமிலத்தை மாற்றியமைத்துச் செல்லுலோஸோடு நேரடியாகப் பிணைக்கும் ஆய்வுகள் சீனா உள்ளிட்ட நாடுகளில் நடக்கின்றன. அப்படிப் பிணைத்தால் பல சலவைகளைத் தாங்குகிறது. ஆனால் அதற்கு வேறு ரசாயனங்களும், உயர் வெப்பமும் தேவைப்படுகின்றன. 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து மயங்கிவிட முடியாது.

எங்கே உதவும்?

அடிக்கடி துவைக்காத இடங்களில்தான் முதல் வாய்ப்பு: அரங்கத் திரைச்சீலை, மெத்தை உறை, கண்காட்சிக் கூடாரத்தின் உள்துணி. தினமும் துவைக்கும் புடவைக்கும் நைட்டிக்கும் இந்தத் தொழில்நுட்பம் வர, முதலில் சலவைத் தேர்வில் தேற வேண்டும்.

இன்னொன்று: 'தீத்தடுப்பு' என்றால் தீயே பிடிக்காது என்று அர்த்தமில்லை. பரவுவது தாமதமாகும், நெருப்பு விலகினால் தானாக அணையலாம், அவ்வளவுதான். அந்தச் சில நொடிகள்தான் உயிரைக் காப்பாற்றும். அதுவரை, அடுப்பருகே தொங்கும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வதே நம்பகமான தற்காப்பு.