இல்லமும் இயந்திரமும்: குரல் செல்லும் வழி



சென்ற திங்கள் மின்கட்டணச் சீட்டைப் படித்தறியும் முறையை இப்பகுதியில் எழுதியிருந்தோம். இத்திங்கள் மடிக்கணினியின் ஒலியைப் பற்றியும், பிள்ளைகள் விளையாட்டுக்கென்று கேட்கும் ஹெட்செட்டைப் பற்றியும் எழுத வேண்டுமென அன்பர்கள் சிலர் கேட்டிருக்கின்றனர். அவர்கள் கேளாதிருப்பினும் எழுதியே இருப்போம். இவ்விஷயத்தில் நம் இல்லத்திலேயே ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பிழை செய்தவர் நாமே. பிறர் வீட்டில் அது நேராதிருக்கட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

நாகபுரிக்கு மாற்றலாகி வந்தது முதல், ஞாயிறுதோறும் மாலையில் கோவில்பட்டியிலுள்ள நம் அன்னையாரோடு மடிக்கணினி வழியாக முகம் பார்த்துப் பேசுவது நம் குடும்ப வழக்கம். சில மாதங்களாக அன்னையார் ஒரே குறையைச் சொல்லி வந்தார்: “ஏய்யா, பேரனுக்கு என் மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கானே.” ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மகன் பேசத்தான் செய்தான், ஆனால் தாழ்ந்த குரலில். அக்குரல் ஆச்சியின் செவியை எட்டவில்லை.

அச்சமயத்தில் மகன் ஹெட்செட் வேண்டுமென்று கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்கிறான் என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஆச்சியுடன் பேசவும் உதவுமே என்ற அவன் வாதம் நம்மை வென்றது. வண்ண விளக்குகள் மின்னுவதும், பெட்டியின்மேல் ‘7.1’ என்று பெரிதாக அச்சிட்டதுமான ஒன்றை வாங்கி வந்தோம். விலை நம் சம்பளத்துக்குச் சற்று மிகையே. அதன் கம்பியின் கோடியில் பச்சை நிற முனை ஒன்றும், இளஞ்சிவப்பு நிற முனை ஒன்றும் இருந்தன. மடிக்கணினியிலோ துளை ஒன்றே. பச்சையைச் செருகினோம், பீரங்கி முழக்கம்போல் ஒலி கேட்டது. வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அன்னையார், “காத்து இரையுத சத்தந்தான் கேக்கு, அவன் குரல் கேக்கவே இல்ல” என்றார். இத்தனை பணம் செலவிட்டும் பையன் வாய் திறக்கவில்லையே என்று நமக்குச் சினம் மூண்டது. “வடக்கே வந்ததும் தாய்மொழி கசந்துவிட்டதா? ஆச்சியிடம் பேச வெட்கமா?” என்று கேட்கத் தகாததைக் கேட்டுவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்றான். பின் இரண்டு ஞாயிறு வந்து அமரவேயில்லை.

மூன்றாம் வாரம் மேசையைத் துடைத்த நம் இல்லத்தரசி, கீழே தொங்கிய இளஞ்சிவப்பு முனையை எடுத்துக் காட்டி, “இது எங்கங்க போகணும்?” என்று கேட்டார். நம் ஆராய்ச்சி அக்கேள்வியில்தான் தொடங்கிற்று. அது மைக்கின் முனை. பையன் பேசிய பேச்சு எங்கும் சென்று சேரவில்லை. கணினியின் உள்ளேயுள்ள மைக், தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியின் இரைச்சலை மட்டும் கோவில்பட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

நிற்க. ஒலி செல்லும் வழியை முறையாகக் காண்போம். வழி தெரிந்தால், தடை எங்கே என்பதும் தெரியும்.

பேசும்போது காற்று அதிர்கிறது. மைக் அவ்வதிர்வை மிகச் சிறிய மின்னோட்டமாக மாற்றுகிறது. ஆனால் கணினிக்குப் புரிவது எண்களே. மீட்டர் கேஜில் வந்த சரக்கை இறக்கி பிராட் கேஜ் வண்டியில் ஏற்றிய பழங்காலத்தை மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சவுண்ட் கார்டு எனப்படும் ஒலி அட்டை செய்வதும் அவ்வகை வேலையே. உள்ளே வரும் மின்னோட்டத்தை எண்களாக்கும். வெளியே செல்லும் எண்களை மீண்டும் மின்னோட்டமாக்கிக் காதுக்கு அனுப்பும்.

இதற்காக அது மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கிறது. இசைத்தட்டான சி.டி.க்கு விநாடிக்கு 44,100 முறை. கணினியில் பெரும்பாலும் 48,000 முறை. இளஞ்செவிக்கு எட்டும் அதிர்வு விநாடிக்கு 20 முதல் 20,000 வரை. உச்ச அதிர்வைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் ஒலியைக் குறையின்றித் திரும்பப் பெறலாம் என்பது விதி, அதனாலேயே இவ்வெண்கள். 16 பிட் என்பது ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிப்பதாகும். நம் பேச்சுக்கும் பாட்டுக்கும் இது போதும். 96,000, 192,000 என்று அச்சிட்டு அதிக விலை கேட்டால் அஞ்ச வேண்டுவதில்லை.

தொடக்கக் காலக் கணினிகளில் ‘பீப்’ என்ற ஒலிக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. சிம் வாங் ஹூ என்பவர் சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் அட்டை, கணினிக்கு வாயும் செவியும் தந்து உலகெங்கும் புகழ்பெற்றது. பின்னர் இன்டெல் நிறுவனம் 1997-இலும் 2004-இலும் வகுத்த முறைகளால் அட்டையின் வேலை தாய்ப்பலகையின் மேலுள்ள ஒரு சிறு சில்லுக்குள் அடங்கிற்று. ஆதலின் இக்கால மடிக்கணினியில் கழற்றி மாட்டத்தக்க தனி அட்டை பொதுவாக இராது. ‘சவுண்ட் கார்டு போய்விட்டது, பலகையையே மாற்ற வேண்டும்’ என்று யாரேனும் கூறினால் சற்றுப் பொறுங்கள். சில்லே பழுதாயினும், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய ஒலிக்கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவே புதிய ஒலி அட்டையாகிவிடும்.

இனி ஹெட்செட். அது கணினியைச் சேரும் வழிகள் மூன்று.

முதலாவது 3.5 மில்லிமீட்டர் முனை. முனையிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டாயின் அது ஒலி கேட்க மட்டுமோ, பேச மட்டுமோ உதவும்; மூன்றாயின் கேட்கவும் பேசவும் உதவும். மடிக்கணினியில் ஒரே துளையிருந்து, அருகே மைக்குடன் கூடிய ஹெட்செட்டின் படம் பொறித்திருந்தால், அது மூன்று வளைய முனைக்கானது. நம்முடையதைப்போல் ஹெட்செட்டுக்கு இரு முனைகள் இருந்தால், இரண்டையும் ஒன்றாக்கும் ‘ஒய்’ வடிவ இணைப்பான் வேண்டும். மூன்று வளையமுள்ள ஒற்றை முனை அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது யுஎஸ்பி. இவ்வகை ஹெட்செட் தன் ஒலி அட்டையைத் தானே சுமந்து வருகிறது. கணினியின் துளை பழுதாயினும் இது வேலை செய்யும். பாடம் கேட்கவும் உறவினரோடு பேசவும் இதுவே தொல்லை குறைந்தது என்பது நம் அனுபவம்.

மூன்றாவது புளூடூத். கம்பியில்லாத வசதி இதற்குண்டு. ஆனால் பலரும் அறியாத குறை ஒன்றும் உண்டு. பாட்டு மட்டும் கேட்கையில் ஒலி செம்மையாக வரும். மைக்கையும் திறந்தவுடன், பழைய புளூடூத் முறையில் வழி இரண்டாகப் பிரிவதால், கேட்கும் ஒலி இடம் வலமின்றி ஒன்றாகிக் குறுகிவிடும். பொருள் பழுதென்று கடைக்காரரிடம் சண்டையிடுவோர் பலர். அது பழுதன்று, அம்முறையின் இயல்பு. மேலும் ஒலி சற்றுப் பிந்தி வரும். விளையாட்டில் அத்தாமதம் தோல்விக்கே காரணமாகலாம். கம்பியின்றியே வேண்டுமென்போர், தனி யுஎஸ்பி துண்டுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைக் கேட்டு வாங்கலாம்.

‘7.1’ பற்றியும் கூற வேண்டும். சுற்றிலும் ஏழு ஒலிபெருக்கி, கனத்த ஒலிக்குத் தனியே ஒன்று என்பதே அதன் பொருள். நாம் வாங்கியதிலோ காதுக்கு ஒன்றாக இரண்டே இருந்தன. அப்பச்சை முனை வழியே இடம், வலம் என்னும் இரண்டு ஒலிகளுக்கு மேல் செல்லவும் இயலாது. எனினும் இது முற்றும் பொய்யன்று. நமக்கும் காதுகள் இரண்டே. ஓசை ஒரு காதை மற்றதைவிட விநாடியில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி எட்டுவதைக் கொண்டும், ஒலியின் வன்மையைக் கொண்டும், காது மடல் செய்யும் மாறுதலைக் கொண்டும் திசையை மூளை அறிகிறது. அம்மாறுதல்களை மென்பொருள் கணக்கிட்டுச் சேர்த்தால், பின்னால் காலடி கேட்பதுபோல் இரு ஒலிபெருக்கியிலேயே தோன்றச் செய்யலாம். விண்டோஸ் கணினியில் ‘விண்டோஸ் சோனிக்’ என்ற பெயரில் இவ்வசதி 2017 முதல் இலவசமாகவே இருக்கிறது. இலவசமாக உள்ளதற்குப் பெட்டியின்மேல் ஓர் எண்ணை அச்சிட்டதற்காக நாம் விலை கொடுத்தோம்.

முனையைச் சரியாகச் செருகினால் போதுமா எனின், போதாது. ‘ஒய்’ இணைப்பான் வந்த பின்னும் ஆச்சிக்குக் குரல் கேட்கவில்லை. சரக்கு நிலையம் சேர்ந்தும் தவறான தடத்தில் நின்றதுபோல், உரையாடல் மென்பொருள் பழைய உள் மைக்கையே பற்றிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் இன்புட் என்ற இடத்தில் ஹெட்செட்டின் மைக்கைத் தேர்ந்து பேசிப்பாருங்கள். அருகிலுள்ள கோடு குரலுக்கேற்ப அசைய வேண்டும். பிறகு உரையாடல் மென்பொருளின் உள்ளேயும் அதே மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பிரைவசி பகுதியில் மைக்கிற்கு அனுமதி மறுக்கப்பட்டிருப்பின் எதுவும் பயன்படாது. இறுதியாக, 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ போன்ற மென்பொருளில் நம் குரலைப் பதிந்து நாமே கேட்பது நன்று. நம் பதிவில் குரல் தெளிவாயிருந்தால் ஹெட்செட்டின் மேல் குற்றமில்லை; குறை அதற்கப்பால் உள்ளது.

மென்பொருள் மிகை உதவி செய்து கெடுப்பதும் உண்டு. இணையவழியில் பாட்டுப் பயிலும் அண்டை வீட்டுச் சிறுமியின் சுருதிப்பெட்டி ஆசிரியைக்குக் கேட்கவே இல்லையாம். இடைவிடாது ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று கருதி நீக்குவது இம்மென்பொருள்களின் பழக்கம். மின்விசிறிக்கும் தம்பூராவுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. ஜூம் மென்பொருளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்னும் ஏற்பாட்டைத் திறந்தால் இத்தொல்லை தீரும்.

சார்ஜர் செருகியிருக்கையில் மட்டும் ரீங்காரம் கேட்டு, பிடுங்கியதும் நின்றால், குற்றம் வீட்டு மின்னிணைப்பின் எர்த்தில் இருக்கலாம். பழைய குவார்ட்டர்ஸ் வீடுகளில் இது அரிதன்று. இது காதுக்கு மட்டுமன்று, உயிருக்கும் உரிய விஷயம். மின்பணியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

பெற்றோர் மறக்கலாகாதது ஒன்று. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வகுத்த நெறிப்படி, பெரியோர் 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவருக்கு அதே நேரத்திற்கு 75 டெசிபல்தான் எல்லை. ஒலி 3 டெசிபல் ஏறுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறையும். முழு ஒலியில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டாதிருப்பது எளிய விதி. கெட்ட ஹெட்செட்டை மாற்றலாம். கெட்ட செவியை மாற்ற இயலாது.

நம் கதைக்கு வருவோம். தடங்கள் யாவும் சரியான அன்று மாலை மகனை அழைத்து, தவறு நம்முடையதே என்று ஒப்புக்கொண்டோம். அவன் ஒன்றும் சொல்லாமல் ஹெட்செட்டை அணிந்து, “ஆச்சி, கேக்கா?” என்றான். அப்பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. மறுபடியும் ஏதோ பழுது என்றே எண்ணினோம். பிறகு அன்னையார் சொன்னார்: “ஏ ஐயா, குரல் மாறிட்டே! ஒங்க தாத்தா குரலுல்லா இது!”

பையனுக்குக் குரல் உடைந்து மாதங்கள் சில ஆகியிருந்தன. ஒரே வீட்டிலிருந்த நாம் அதனைக் கவனிக்கவில்லை. ஆச்சிக்கோ அதுவரை கேட்கவில்லை. அவன் தாழ்ந்து பேசியதற்கும் அம்மாறிய குரலின் கூச்சமே காரணம் என்று பின்னர் இல்லத்தரசியிடம் சொல்லியிருக்கிறான்.

ஆதலின் அன்பர்களே, தொலைவிலிருப்போர் குரல் கேட்கவில்லையெனில், முதலில் வளையங்களை எண்ணுங்கள். பின்பு இன்புட் கோட்டைப் பாருங்கள். அதன்பின் குரலைப் பதிந்து கேளுங்கள். பிள்ளையைக் கடிவது இம்மூன்றும் முடிந்த பிறகு இருக்கட்டும். பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.

அடுத்த திங்கள், தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தைப் பற்றி எழுதுவோம்.