சப்பாத்தோடு வாருங்கள் என்னும் உபசாரம்

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பென்று முழங்காத விழா மேடையில்லை. அதுபற்றிக் கட்டுரை வெளியிடாத ஆண்டு மலரும் இல்லை. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். எனினும் நாம் எழுதுவதும் பேசுவதும் எல்லாம் வீட்டாரின் கடமை பற்றியே ஆகும். வருபவருக்கும் கடமை உண்டு என்பதை எவரும் எடுத்துரைப்பதில்லை. அக்கடமைகளுள் முதலாவது, காலில் அணிந்ததை வாசலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருதலாகும்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இலங்கையில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பெரும்பாலான வீடுகளில் இது கடைப்பிடிக்கப்படுகின்றது. யப்பானியர் வீடுகளில் இதற்கென்றே வாசலை அடுத்துத் தாழ்ந்த தளமொன்று அமைப்பர். தெருவின் அழுக்கு வீட்டினுள் வரலாகாது என்பது இதன் எளிய காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வீட்டார் எந்த விதிக்கு உட்படுகின்றனரோ, அதே விதிக்கு வருபவரும் உட்படுகின்றார். இரு சாராரும் வெறுங்காலோடு ஒரே தரையில் நிற்கின்றனர். இந்தப் பொதுமையாலேயே இது மரியாதை எனப்படுகின்றது. ஒரு சாரார் மட்டும் கழற்ற, மறுசாரார் அணிந்தபடியே நடப்பாராயின் அதற்கு மரியாதை என்ற பெயர் பொருந்தாது.

ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களை அறிந்தவர்கள் நான் எங்கு வருகின்றேன் என்பதை இதற்குள் உணர்ந்திருப்பர். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, அப்புத்தளை, கொஸ்லந்தை என எப்பகுதித் தோட்டத்து லயத்துக்கேனும் ஓர் அதிகாரியோடு சென்று பாருங்கள். வாசலில் அவர் ஒரு கணம் தயங்கினாலும் தயங்காவிட்டாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டு வரும்: "சப்பாத்தோடயே வாங்கய்யா, பரவாயில்லீங்க." இக்கட்டுரை அந்தப் "பரவாயில்லை"யைப் பற்றியது. அதை உபசாரம் என்று ஏற்று உள்ளே நுழைகின்றோமே, அந்த நுழைவு அநாகரிகமானது என்பதே எனது வாதம்.

முதலில், நுழையப்படும் இடம் எத்தகையது என்பதை நோக்குவோம். பழைய லயக் காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதற்கு முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. இந்த இடத்துக்குள்ளேதான் ஒரு குடும்பம் சமைக்கின்றது, உண்கின்றது, உறங்குகின்றது, பிள்ளை பெறுகின்றது, சாமி கும்பிடுகின்றது. கட்டிலும் மேசையும் நிறைந்த வீட்டில் தரை என்பது நடப்பதற்குரிய இடமாகும். லயத்திலோ தரையே படுக்கை, தரையே பந்தி, தவழும் குழந்தைக்குத் தரையே உலகம். பகலில் சுருட்டி மூலையிற் சாத்தப்படும் பாய் இரவில் விரிவது அந்தத் தரையின் மீதுதான். மழைக்காலத்துத் தேயிலை மலையிலிருந்து சேறும் அட்டையும் ஒட்டிய சப்பாத்தோடு அங்கே நுழைபவர், கூடத்தில் நடக்கின்றோம் என்று எண்ணுகின்றார். உண்மையில் ஒருவரது படுக்கையை மிதிக்கின்றார்.

அங்ஙனமாயின் அவ்வீட்டார் ஏன் தடுப்பதில்லை? இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

கோப்பிக் காலத்தில் எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தே மலையேறினர். 2023இல், இருநூறு ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணம் அந்த நடையையே நினைவுகூர்ந்தது. 1867இல் லூல்கந்தரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்ததும், தேயிலை மலைகளெங்கும் பரவியதும் நாம் படித்தவையே. படிக்காதது ஒன்றுண்டு. துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும், தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும், காலில் செருப்பிருந்தால் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்பன தோட்டத்தின் எழுதாச் சட்டங்களாக இருந்தன. தோட்டத்துக் கந்தோர்ப் படியிலும் பங்களாப் படியிலும் வெறுங்காலே நுழைவுச் சீட்டாயிற்று. அதே துரையின் பூட்ஸ் காலுக்கு லயத்து வாசல் ஒரு தடையாக இருந்ததில்லை.

வெறுங்கால் வெறும் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. அது நோயாகவும் இருந்தது. கொக்கிப்புழு அசுத்த மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலினுட் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டமைக்குத் தொழிலாளரிடையே மலிந்திருந்த இரத்தசோகையே காரணம். காலைக் காக்கும் செருப்பு அவர்களுக்கு மருந்தாக வேண்டியது. துரையின் முன்னிலையில் அதுவே திமிராகக் கொள்ளப்பட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையுமன்று. 1862இல் சூரத் நகர நீதிமன்றமொன்றிலே மானக்ஜி கவாஸ்ஜி என்னும் பார்சி இனத்தவர் சப்பாத்தைக் கழற்ற மறுத்தார். அவர் அந்நீதிமன்றத்தின் மதிப்பீட்டாளர். அவருக்கு உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்டது; அவர் பம்பாய் ஆளுநருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். "உங்கள் வீடுகளிலும் கோயில்களிலும் கழற்றுகின்றீர்களே, இங்கு கழற்றினாலென்ன?" என்பது ஆங்கிலேயர் தரப்பு வாதம். வீடு வேறு, பொதுமன்று வேறு என்பது இந்தியர் அளித்த விடை. உண்ணும் உறங்கும் இடத்துக்குத் தெருவழுக்கு வரலாகாது என்பது நியாயம். அரச அலுவலகத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. இந்த வேறுபாட்டைத் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். கழற்றத் தேவையற்ற கந்தோரில் தொழிலாளி கழற்றினான். கழற்ற வேண்டிய வீட்டினுள் துரை கழற்றவில்லை. இரண்டு இடத்திலும் நியாயம் தலைகீழாகவே நின்றது.

பர்மாவில் இது இன்னும் கூர்மையடைந்தது. பௌத்த ஆலயங்களினுள் ஐரோப்பியர் சப்பாத்தோடு நடமாடுவதற்கு எதிராக 1916 முதல் கிளர்ச்சி வளர்ந்தது. 1919இல் மண்டலேயில் பிக்குகள் நேரடியாகவே மோதினர். ஈற்றில், அவ்வவ் ஆலயத்துக்குப் பொறுப்பான பிக்குவே உடைவிதியைத் தீர்மானிக்கலாம் என்று அரசு இணங்க நேர்ந்தது. வாசலின் விதியை வாசலுக்குரியவரே வகுக்கலாம் என்ற எளிய உரிமைக்கு அங்கு ஓர் இயக்கமே தேவைப்பட்டது.

வெள்ளையரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் கைகழுவ இயலாது. பிறர் காலில் செருப்பிருக்கப் பொறாத மனம் நம்மிடையேயும் உண்டு. தமிழ்நாட்டில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில், ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில் செய்தியாயிற்று. நடந்தது செய்தியானதெனின், அதுகாறும் நடக்க இயலாதிருந்தது என்பதே பொருள். தோட்டத்துத் துரை புதிதாக ஒன்றையும் கற்பித்துவிடவில்லை. கப்பலேறி வந்தவர்கள் ஊரிலேயே பழக்கப்பட்ட குனிவைத் தனக்கெனத் திருப்பிக்கொண்டான், அவ்வளவே.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரையின் நிறம் மாறிற்று, மொழி மாறிற்று, "சப்பாத்தோடயே வாங்க" மட்டும் மாறவில்லை. இன்று அக்குரலைக் கேட்டு உள்ளே செல்வோர் யார்? விவரம் திரட்ட வரும் உத்தியோகத்தர், வாக்குக் கேட்க வரும் வேட்பாளர், தவணை வசூலிக்க வரும் நுண்கடன் கம்பனி ஊழியர், தொழிற்சங்கப் பிரதிநிதி, படமெடுக்க வரும் தொண்டு நிறுவனத்தார். இவர்களுட் பெரும்பாலோர் பதுளை முதியங்கன விகாரைக்குச் சென்றால் ஒருவரும் சொல்லாமலே வாசலில் குனிந்து நூலை அவிழ்ப்பர், கோயிலிலும் அவ்வாறே. ஆகவே அவிழ்க்கத் தெரியாதவர்கள் அல்லர். எங்கே அவிழ்க்க வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்று தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள்.

எனது சிறுபராயத்து நிகழ்ச்சியொன்று. எங்கள் காம்பராவுக்கு ஓர் அதிகாரி வந்தார். பெயரும் பதவியும் இங்கு வேண்டா. அப்பாயி வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். அவர் சாணமிட்டு மெழுகிய தரையில் நடந்தார், கூரையைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார், போய்விட்டார். அப்பாயி பீலிக்குச் சென்று தண்ணீர் கொண்டுவந்து, முழங்காலிட்டு, அவர் நடந்த இடத்தை மட்டும் துடைத்து மீண்டும் மெழுகினாள். பள்ளிக்கூடச் செருப்போடு வாசற்படியில் கால் வைத்தாலே எங்களுக்கு அடி விழும் வீடு அது. "அவர மட்டும் ஏன் விட்டீங்க அப்பாயி?" என்று கேட்டேன். "அவுங்கள நாம சொல்லலாமாடா? நாளைக்கு ஒரு கடதாசி வேணும்னா அவுங்ககிட்டத்தானே போகணும்" என்றாள். அன்று எனக்கு விளங்கவில்லை. அவள் அழைத்தது விருந்தினரை அன்று. அந்தக் கடதாசியைக் கையெழுத்திடப்போகும் கையைத்தான்.

இவ்வளவையும் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களாயின், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு பாடநெறிக்கான களஆய்வுக்காக நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வினாக்கொத்தோடு சென்றேன். ஒரு முதிய தாய் என் கைக்கோப்பையும் காற்சட்டையையும் பார்த்துவிட்டு, "சப்பாத்தோடயே வாங்க தம்பி" என்றார். நேரம் போதாது, இன்னும் எட்டு வீடுகள் பாக்கி. நான் உள்ளே சென்றேன். அவர் கதிரையைத் துடைத்துத் தந்தார். பத்தாம் வினாவைக் கேட்கும்போது கீழே பார்த்தேன். வாசலிலிருந்து கதிரை வரை என் சப்பாத்தின் அச்சு வரிசையாகக் கிடந்தது. லயத்திற் பிறந்தவன் நான். அத்தரையை யார் துடைப்பார் என்பதை இந்த நாட்டில் வேறெவரையும்விட நன்கறிந்தவன். அந்த வினாக்கொத்தின் தலைப்பு, தோட்ட மக்களின் வாழ்க்கைத்தரம்.

இனி எழக்கூடிய மறுப்புக்களைப் பார்ப்போம்.

"ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை வர்த்தமானியிற் காண 2021 வரை காத்திருந்த சமூகம் இது, 2014 ஒக்ரோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களே மண்ணிற் புதையுண்டன, காணியும் வீடும் இல்லாதவர்க்குச் சப்பாத்து ஒரு பிரச்சினையா?" என்பர் சிலர். சம்பளத்தையும் காணியையும் விடச் சப்பாத்துப் பெரிதென்று நான் கூறவில்லை. ஆனால் தன் வீட்டு வாசலில் "கழற்றிவிட்டு வாருங்கள்" என்று ஓர் அதிகாரியிடம் சொல்லத் துணியாதவர், அதே அதிகாரியின் மேசைக்கு முன் நின்று காணிப் பத்திரத்தை எங்ஙனம் கேட்பார்? இரண்டு வாய்ப்பூட்டுக்களுக்கும் திறப்பு ஒன்றுதான். மேலும், சம்பளத்தைக் கூட்டக் கம்பனியும் அரசும் இணங்க வேண்டும். சப்பாத்தைக் கழற்ற எவரது கையொப்பமும் தேவையில்லை.

"வீட்டாரே சொல்லும்போது மறுப்பது மரியாதையாகுமா?" என்பர் வேறு சிலர். மறுக்கும் உரிமையுள்ளவர் விட்டுக்கொடுத்தாலே அது உபசாரம். முடியாதென்று சொன்னால் என்ன நேருமோ என்றஞ்சுபவர் விட்டுக்கொடுப்பதைக் கப்பம் என்றே கூற வேண்டும். கால் ஊனமுற்றவர், குனிய இயலாத முதியவர், காயக் கட்டோடு வருபவர் ஆகியோருக்கு விலக்களிப்பதும் வீட்டாரின் உரிமையே. அவர்கள் மனமுவந்து அளிப்பர். ஏனையோர் அவ்விலக்கைத் தமக்குரிய பட்டமாகக் கருத வேண்டியதில்லை.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. வீட்டார் கேட்கப் பழக வேண்டும். அதற்குக் கடுமை வேண்டியதில்லை. "செருப்ப வாசல்ல விட்டுட்டு உள்ள வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தில் கண்டிப்பும் அன்பும் அடங்கும். எங்கள் லயங்களில் உறவினரிடம் நாள்தோறும் சொல்லப்படும் வாக்கியம்தான் அது. உறவினரிடம் சொல்வதை உத்தியோகத்தரிடமும் சொல்லுதல் வேண்டும். ஆயினும் அந்தப் பாரம் முழுவதையும் வீட்டார்மேற் சுமத்துவது நேர்மையன்று. அஞ்சுபவரை முதலில் துணியச் சொல்லிவிட்டு, அஞ்சப்படுபவர் காத்திருக்கலாகாது. வருபவரே முந்திக்கொள்ள வேண்டும். "பரவாயில்லை" என்ற சொல் வீட்டிலிருந்து வெளிவருமுன் சப்பாத்து காலிலிருந்து வெளிவந்துவிட வேண்டும்.

பல்கலைக்கழக மாணவராகிய நாம் நாளை ஆசிரியராக, உத்தியோகத்தராக, ஆய்வாளராக அந்த வாசல்களுக்கே செல்லப்போகின்றோம். எமது துறைகள் ஆண்டுதோறும் மாணவரைக் களஆய்வுக்கு அனுப்புகின்றன. வினாக்கொத்தை எவ்வாறு நிரப்புவதென்று கற்பிக்கின்றன. வாசலில் எவ்வாறு நிற்பதென்பதையும் விரிவுரையாளர்கள் ஒரு வார்த்தை சொல்லியனுப்புவார்களாக.

அந்த முதிய தாயின் வீட்டுக்கு நான் இன்னும் திரும்பிச் செல்லவில்லை. அடுத்த விடுமுறையிற் செல்ல எண்ணியுள்ளேன். வினாக்கொத்து எடுத்துச் செல்வதாக இல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் என்ன சொல்கின்றார் என்று பார்க்கவேண்டும்.