வாட்ச்மேன் ஏஜென்சிக்கு உரிமம் கட்டாயம். உம்மாவைப் பராமரிக்க ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு?

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்று சுற்றிப் பார்த்தால், மின்கம்பங்களிலும் சுவர்களிலும் இரண்டு வகை விளம்பரங்கள் கண்ணில் படும். ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு செக்யூரிட்டி ஆட்கள் கிடைக்கும் என்பது. மற்றொன்று, வீட்டோடு தங்கி முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ள 'ஹோம் நர்ஸ்' கிடைக்கும் என்பது.

முதல் விளம்பரத்தைப் போட்டவர் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அவர் அனுப்பும் காவலாளியின் பின்னணி சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், பயிற்சியும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது விளம்பரத்தைப் போட்டவருக்கு அப்படியொரு தனிச் சட்டமே இல்லை. ஒரு கைப்பேசி எண்ணும் நான்கு பெண்களின் தொடர்பும் இருந்தால் நாளைக்கே ஏஜென்சி தொடங்கிவிடலாம். கேட்டுக்கு வெளியே உட்காருபவருக்கு உள்ள விதி, படுக்கையறைக்குள் வந்து நம் உம்மாவைக் குளிப்பாட்டி, உணவூட்டி, ஊசி போடுபவரை அனுப்பும் நிறுவனத்துக்குக் கிடையாது.

இந்த ஓட்டையை அரசு அறியாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைத் திருத்துவதற்காக 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா அறிமுகமானது. முதியோர் இல்லங்களோடு, வீட்டுக்குச் சென்று சேவை தரும் நிறுவனங்களையும் பதிவு செய்ய வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தர அளவுகள் வகுக்க வேண்டும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் முதியோருக்கென ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, 2021 ஜனவரியில் குழுவின் அறிக்கையும் வந்தது. அதன் பிறகு மசோதா நகரவில்லை. 2024-இல் 17-ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது அதுவும் காலாவதியாகிவிட்டது. பரபரப்பான மசோதாக்கள் நள்ளிரவு வரை விவாதிக்கப்பட்டு நிறைவேறிய அதே அவையில்தான், முதியோருக்கான இந்த மசோதா நான்கரை ஆண்டுகள் கிடந்து மடிந்தது.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 விழுக்காடு. 2021-இல் அது 13.6 ஆகவும், 2031-இல் 18.2 ஆகவும் உயரும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளாவுக்கு அடுத்து அதிக முதியோர் விகிதம் கொண்ட மாநிலம் நம்முடையது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் இதன் முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஓய்வு பெற்றபின் இங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்கள், மகன் துபாயிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, மாடி வீட்டில் தனியாக வாழ்கிறார்கள். நம் சமுதாயத்தில் வளைகுடாவிலிருந்து வரும் பணம் வீட்டைக் கட்டியது; வீட்டில் இருக்க வேண்டிய ஆளை வளைகுடாவிலேயே நிறுத்திவிட்டது. மகன் வாட்ஸ்அப்பில் ஏஜென்சியிடம் பேசி, ஆன்லைனில் பணம் அனுப்பி, ஆளை ஏற்பாடு செய்கிறார். வந்தவர் யார், என்ன படித்தவர் என்று பார்க்க வீட்டில் இருப்பது படுக்கையில் கிடக்கும் அத்தா மட்டுமே.

இந்தப் பகுதியில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். எழுபதைக் கடந்த உம்மா, பல வருடச் சர்க்கரை நோயாளி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது இன்சுலினை மாற்றி எழுதினார்கள். பழையது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்து; புதியது 100 யூனிட் உள்ளது. வீட்டில் மீதமிருந்ததோ 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சுகள். ஏஜென்சி அனுப்பிய பெண் சீட்டில் இருந்தபடி '20' என்ற கோடு வரை மருந்தை இழுத்து இரவில் போட்டிருக்கிறார். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. புதிய மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. ஃபஜ்ருக்கு எழுந்த மருமகள் பார்த்தபோது உம்மாவின் உடல் வியர்வையில் நனைந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. 108 வந்தது, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ் பிழைத்துக்கொண்டார்.

ஏஜென்சி என்ன செய்தது? மறுநாளே வேறொரு பெண்ணை அனுப்பியது. முந்தையவரை, அநேகமாக, வேறொரு வீட்டுக்கு அனுப்பியிருக்கும். எங்கே தவறு நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, எழுதி வைக்கவில்லை. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லித் தந்தவர் யாருமில்லை. அவர் கெட்டவரல்ல. உம்மாவை அன்பாகப் பார்த்துக்கொண்டார் என்று அந்தக் குடும்பமே இன்றும் சொல்கிறது.

நம் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஹோம் கேர் சேவை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், 'நல்ல பொண்ணுங்க, சிரிச்ச முகம், கையில திருட்டு கிடையாது' என்று பதில் வரும். அன்பும் நாணயமும் வேண்டும்தான். ஆனால் பாதுகாப்பு என்பது வேறு கேள்வி. வந்தவர் நர்ஸா, உதவியாளரா என்பதே முதல் கேள்வி. ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவர்கள். பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும். சில மாதப் பயிற்சி முடித்த உதவியாளர்களும் இருக்கிறார்கள். குளிப்பாட்ட, நடக்க வைக்க, உணவூட்ட அவர்கள் போதும். எந்தப் பயிற்சியும் இல்லாமல் வீட்டு வேலைக்கு வந்து, வழியில் 'நர்ஸ்' ஆனவர்களும் உண்டு. ஏஜென்சி மூவருக்கும் ஒரே சீருடை கொடுத்து அனுப்பிவிடுகிறது. ஊசி, மூக்கு வழி ட்யூப், சளி உறிஞ்சும் கருவி, யூரின் ட்யூப் ஆகியவை உள்ள நோயாளி என்றால் பதிவு பெற்ற நர்ஸ் அல்லாதவர் கையில் ஒப்படைக்கவே கூடாது என்பது நம் கருத்து. செலவு கூடும் என்பது உண்மை. முழு நேரமும் நர்ஸ் வைக்க முடியாதவர்கள், அந்தக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் நர்ஸை வரவழைத்து மீதியை உதவியாளரிடம் விடலாம்.

தரத்தைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரின் இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, குதிகால் ஆகிய இடங்களை வாரம் ஒருமுறையாவது வீட்டார் பார்க்க வேண்டும். தோல் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்று பொருள். யூரின் பை இடுப்பு மட்டத்துக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்குகிறதா? உணவூட்டும்போது தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருக்கிறதா, ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்கிறார்களா? படுத்த நிலையில் ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடிவது உண்டு. 'வயசாயிடுச்சு, சளி பிடிச்சுப் போச்சு' என்று நாம் கடந்துபோகும் மரணங்களில் எத்தனை இப்படியோ, அல்லாஹ்வே அறிவான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்கு என்ன மருந்து, எவ்வளவு சிறுநீர், எப்போது புரட்டினார்கள், சர்க்கரை எவ்வளவு என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மேற்பார்வை நர்ஸ் ஒருவரை வாரம் ஒருமுறை நேரில் அனுப்பி இந்த நோட்டைப் பார்க்கும் ஏஜென்சியை நம்பலாம். ஆளை அனுப்பியதோடு தொடர்பு முடிந்தது, மாதக் கடைசியில் பணம் கேட்க மட்டும் போன் வரும் என்றால், அது புரோக்கர் வேலை. வெளிநாட்டில் இருக்கும் மகன்கள் இப்போது நோட்டுக்குப் பதில் கேமரா வைக்கிறார்கள். கூடத்தில் வைத்தால் சரி. உம்மாவுக்கு உடை மாற்றும் அறையில் வைத்துவிட்டு, அதை மூன்று பிள்ளைகளின் போனிலும் ஓட விடுவது என்ன நியாயம்? உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

நம் வீடுகளுக்கென்று சில தேவைகளும் உண்டு. பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதைப் பலரும் கூச்சத்தால் ஏஜென்சியிடம் சொல்வதில்லை. பிறகு அத்தா பெண் பணியாளரிடம் டயப்பர் மாற்ற மறுத்து, ஈரத்திலேயே கிடக்கிறார். ஆண் பணியாளர்கள் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒளூ செய்ய உதவ வேண்டும், முடியாதபோது தயம்மும் செய்ய வேண்டும், கட்டிலை கிப்லா பக்கம் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் எந்த மதத்தைச் சேர்ந்த பணியாளருக்கும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ரமலானில் சர்க்கரை நோயாளி நோன்பு வைப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்; அந்தப் பொறுப்பைப் பணியாளர் தலையில் போடக் கூடாது.

பணியாளரின் நிலையைப் பேசாமல் பாதுகாப்பைப் பேச முடியாது. '24 மணி நேர டியூட்டி' என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். ஒரு மனுஷி எப்படி 24 மணி நேரமும் விழித்திருப்பார்? இரவில் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும், பகலில் சமையலுக்கும் உதவ வேண்டும், துணியும் துவைக்க வேண்டும் என்றால் தவறு நடக்கத்தான் செய்யும். வீட்டார் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்பதும் பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாது. சிலருடைய ஆதார் அட்டையை ஏஜென்சி வாங்கி வைத்துக்கொள்கிறது என்றும் கேள்விப்படுகிறோம். நகை காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர் மேல். பீரோ இடுக்கில் நகை கிடைத்தபின் மன்னிப்புக் கேட்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. தன் வீட்டில் வேலை செய்பவரை அதில் பதிவு செய்யச் சொன்ன முதலாளிகளை நாம் அதிகம் பார்த்ததில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கெனச் சட்டம் கொண்டுவருவதை ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படியொரு சட்டம் வந்தால் ஏஜென்சிகளும் அதற்குள் வர வேண்டும்.

சட்டம் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக்கே சென்று உடல் பராமரிப்பு தரும் நிறுவனம் பதிவு செய்யாமல் இயங்குவது குற்றம். சி.கியூ.சி. என்ற ஆணையம் அவற்றை ஆய்வு செய்து 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து, பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறது. ஆனால் 2024-இல் அந்த ஆணையத்தையே ஆராய்ந்த அறிக்கை, ஆய்வுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, சில நிறுவனங்கள் ஒருமுறைகூடத் தரமிடப்படவில்லை என்று கடுமையாகச் சொன்னது. ஆனாலும், அங்கே ஆய்வு நடக்கவில்லை என்று குறை சொல்ல ஓர் அமைப்பாவது இருக்கிறது.

பக்கத்தில் கேரளாவைப் பார்ப்பது நமக்கு அதிகம் பயன்படும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண மற்றும் பராமரிப்பு இயக்கம், சில ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, நர்ஸோடு வீடு வீடாகச் செல்லும் அமைப்பாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. மலப்புரத்தில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர் என்று எல்லாரும் தன்னார்வலர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கும் வீட்டில் படுக்கைப் புண் ஒளிந்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன, கட்டணமில்லாமல். தனியார் ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்கள்கூட இதில் பதிவு செய்யலாம். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும். 'அது ஏழைகளுக்கானது' என்று கூச்சப்பட வேண்டியதில்லை. அரசு நர்ஸ் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்தாலே, ஏஜென்சி ஆளின் வேலைக்கு அது ஒரு மேற்பார்வையாகிவிடும்.

நம் ஜமாஅத்துகள் கொரோனா காலத்தில் ஆக்சிஜன் கருவிகளைத் தேடித் தந்தன, ஜனாஸாக்களை அடக்கம் செய்தன. அதே ஆட்கள் இப்போதும் இருக்கிறார்கள். தாம்பரம் வட்டார ஜமாஅத்துகள் சேர்ந்து, எந்த ஏஜென்சி யாரை அனுப்பியது, எப்படி நடந்துகொண்டது என்று குடும்பங்களின் அனுபவத்தை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். பைத்துல்மாலிலிருந்து நான்கு பெண்களையும் நான்கு ஆண்களையும் உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பலாம். கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை வாங்கி இரவல் கொடுக்கலாம்.

தவறு நடந்துவிட்டால் போக இடம் இல்லாமலில்லை. காசு கொடுத்துப் பெறும் ஹோம் கேர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; சேலையூர்க்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசனை கேட்க 1915. முதியோர் துன்புறுத்தப்பட்டால் 14567. ஆனால் ஆணையத்தின் முன் நிற்கும்போது கையில் பில் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், அந்த நோட்டுப் புத்தகம் வேண்டும். இன்சுலின் சம்பவம் நடந்த வீட்டில் இந்த மூன்றுமே இல்லை. ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது. இப்போது அது உபயோகத்தில் இல்லை.