கேபிளை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் போதுமா? குழாய் இணைப்பில் இருக்கும் சிக்கல் என்ன?

தஞ்சாவூர் அருகே களிமேட்டில், 2022 ஏப்ரல் 27 அதிகாலை அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். மின்கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்ற குரல் அதன்பிறகு இன்னும் வலுத்தது.

ஆனால், மண்ணுக்குள் போனாலே ஆபத்து தீர்ந்துவிடுமா? 2017 நவம்பர் 1ல் சென்னை கொடுங்கையூரில், மின்பெட்டி அருகே தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து 2 சிறுமிகள் பலியானார்கள். அதற்குக் காரணம் குழாய் இணைப்பு அல்ல. ஆனாலும் புதைவடப் பணியில் முதல் எதிரி தண்ணீர்தான் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் தியாகதுருகம் போன்ற ஊர்களில் இன்னும் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் கம்பி. நாளைக்கு இங்கேயும் பள்ளம் தோண்டினால் எதைக் கவனிக்கணும்?

குழாய் எதற்கு?

மின்கேபிளைப் பல இடங்களில் மணல் பரப்பி நேரடியாகவே புதைப்பார்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் குழாய் போடுவார்கள். லாரி எடையிலிருந்து கேபிளைக் காக்கவும், ரோட்டை மறுபடி தோண்டாமல் கேபிளை மாற்றவும் அது உதவும். இணையத்துக்கான ஃபைபர் கேபிளுக்கும் இதே போலக் குழாய் உண்டு.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

குழாய் உடைவதைவிட, இரண்டு குழாய் சேரும் இடம் விலகுவதுதான் பிரச்னை. ரப்பர் வளையத்தை விட்டுவிடுவது, மண் ஒட்டிய முனையை அப்படியே செருகுவது, பாதி ஆழத்தோடு நிறுத்துவது என எல்லாமே அவசர வேலையின் விளைவு. அடியில் மணல் படுக்கை இல்லாவிட்டால் மண் இறங்கும்போது இணைப்பும் பிரியும்.

தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்?

மழைநீரோடு வண்டல் உள்ளே போய், காய்ந்து இறுகும். அப்புறம் புதுக் கேபிளை இழுத்தால் நகராது. மறுபடி ரோட்டைத்தான் வெட்டணும். உயரழுத்த கேபிளில் ஈரம் இன்னொரு வேலையும் செய்யும். மேலுறையில் சிராய்ப்பு இருந்தால் ஈரம் உள்ளே இறங்கி, மின்காப்புப் பகுதியில் மரக்கிளை போல நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். பல வருடம் கழித்து ஒருநாள் கேபிள் வெடிக்கும்.

தீர்வு என்ன?

முனையை நேராக வெட்டி, பிசிறு நீக்கித் துடைக்க வேண்டும். வளையம் சரியாக உட்கார்ந்ததா எனப் பார்த்து, குறியிட்ட ஆழம் வரை செருக வேண்டும். பிவிசி குழாய் என்றால் இரண்டு பக்கமும் பசை தடவி, காயும்வரை அசைக்கக் கூடாது. குழாயின் திறந்த வாய்களையும் அடைப்பான் போட்டு மூட வேண்டும்.

முக்கியமானது, மண் மூடுவதற்கு முன் நடக்க வேண்டிய சோதனை. குழாய்க்குள் காற்றழுத்தம் ஏற்றினால், ஒழுகும் இணைப்பு உடனே தெரிந்துவிடும். தார் போட்ட பிறகு அதைச் சரிசெய்ய வேண்டுமானால், ரோட்டை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவும் மக்கள் வரிப்பணம்தான். அதனால் சோதனை முடிந்த பிறகே பில் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.